தங்கவயலுக்கு நடுப்பாதை இன்னும் பொருந்துமா?

பொழுது விடியுமுன்பே மாரிக்குப்பம் ரெயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று வழிநெடுக ஏறுகிறார்கள். கையில் சாப்பாட்டு டப்பா. சட்டைப் பையில் சீசன் டிக்கெட். வீடு தங்கவயலில், வேலை பெங்களூரில். இரவு அவர்கள் திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள்.

இந்த ரெயிலில் போகிறவர்களின் ஓட்டு யாருக்கு என்பதுதான் கோலார் தங்கவயல் சட்டசபைத் தொகுதியின் கேள்வி. 2018, 2023 ஆகிய இரு தேர்தல்களிலும் காங்கிரசைச் சேர்ந்த ரூபகலா சசிதர் இங்கே வெற்றி பெற்றார். சண்டைக்குப் போகாதவர், எல்லா மொழிக்காரர்களையும் அனுசரித்துப் போகிறவர் என்பது அவரைப் பற்றிய பொதுவான பேச்சு. அடுத்து வரவேண்டியது 2028 தேர்தல். மாறிவரும் தொகுதிக்கு இந்த மிதவாதப் போக்கு இனியும் ஒத்துவருமா?

சுரங்கம் பேசிய காலம்

ஒரு காலத்தில் இந்தத் தொகுதியின் அரசியலே வேறு. 1983-ல் அண்ணா தி.மு.க.வின் பக்தவத்சலம் வென்றார். 1985-ல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டு டி.எஸ்.மணி வந்தார். 1989-ல் மீண்டும் பக்தவத்சலம். 1994-ல் குடியரசுக் கட்சியின் எஸ்.ராஜேந்திரன். 1999-ல் பக்தவத்சலம், 2004-ல் ராஜேந்திரன் என்று பதவி மாறி மாறிப் போனது. கர்நாடகத்தில் காங்கிரசும் ஜனதாவும் மோதிக்கொண்டிருக்க, தங்கவயல் மட்டும் தனி வழியில் நடந்தது. அம்பேத்கர் இயக்கம், செங்கொடி, சென்னை அரசியல் ஆகிய மூன்றுக்கும் லைன் வீடுகளில் வேர் இருந்தது.

அந்த வேருக்குத் தண்ணீர் விட்டது சுரங்கம். ஒரே ஷிப்டில் இறங்கி, ஒரே தொழிற்சங்கத்தில் சந்தா கட்டியவர்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். 2001 பிப்ரவரி 28-ந் தேதி பாரத தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சங்கு நின்றது. சங்கமும் தளர்ந்தது. ஒன்றாய் வேலை பார்த்தவர்கள் பெங்களூரின் நூறு திசைகளுக்குப் பிரிந்து போனார்கள். கட்டிடம், காவல், துணி ஆலை, ஆபீஸ் என்று ஆளுக்கொரு பிழைப்பு. சேர்ந்து ஓட்டுப் போடும் பழக்கமும் அத்தோடு குறைந்தது.

கிராமம் சேர்ந்தது

அடுத்த மாற்றம் 2008-ல் வந்தது. தொகுதி மறுசீரமைப்பில் பேத்தமங்கலம் என்ற தனித் தொகுதி மறைந்தது. அதன் கிராமங்களில் ஒரு பகுதி தங்கவயலோடு சேர்ந்தது. தமிழ் பேசும் நகரத்தோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் கிராமங்கள் இணைந்தன. அந்த ஆண்டே பாரதீய ஜனதாவின் ஒய்.சம்பங்கி வென்றார். 2013-ல் அவர் குடும்பத்தைச் சேர்ந்த ராமக்கா வந்தார். நகரத்து ஓட்டை மட்டும் நம்பி நின்றவர்கள் பின்தங்கினார்கள்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் ரூபகலா. கோலாரில் 1991 முதல் ஏழு முறை எம்.பி.யாக இருந்த கே.எச்.முனியப்பாவின் மகள். நகரத்திலும் கிராமத்திலும் ஓட்டுக் கேட்கக்கூடிய ஒரு நடுநிலை முகத்தைக் காங்கிரஸ் நிறுத்தியது. 2018-ல் அவர் 71 ஆயிரத்து 151 ஓட்டு வாங்கி, 40 ஆயிரத்து 827 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2023-ல் 81 ஆயிரத்து 569 ஓட்டு. வித்தியாசம் 50 ஆயிரத்து 467. இரு முறையும் தோற்றவர் சம்பங்கி குடும்பத்தின் அஸ்வினி.

எண்ணிக்கையைப் பார்த்தால் அசைக்க முடியாத கோட்டை. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. கோலார் பாராளுமன்றத் தொகுதியில் 2019-ல் முனியப்பாவே பாரதீய ஜனதாவிடம் தோற்றார். 2024-ல் பாரதீய ஜனதாவோடு கூட்டணி வைத்த மதசார்பற்ற ஜனதா தளம் அங்கே வென்றது. அந்தக் கூட்டணி நீடித்து ஒரே வேட்பாளரை நிறுத்தினால் தங்கவயலிலும் போட்டி கடுமையாகலாம்.

மூன்று சோதனைகள்

முதலாவது, சயனைடு மேடுகள். சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய மண் மலை மலையாய்க் கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள் வருகிறது. இத்தகைய 13 மேடுகளில், சுமார் ஆயிரம் ஏக்கரில், மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்க 2024 ஜூனில் மாநில மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. தங்கம் வரட்டும். அதில் எத்தனை உள்ளூர் பையன்களுக்கு வேலை? கிளம்பும் தூசுக்கு யார் பொறுப்பு? சுரங்கம் மத்திய அரசுடையது, அனுமதி மாநிலத்துடையது. இரண்டுக்கும் நடுவில் எம்.எல்.ஏ. உரக்கப் பேசாவிட்டால் ஊருக்காகப் பேச வேறு ஆள் இல்லை.

இரண்டாவது, உள் ஒதுக்கீடு. இது தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. 2025 ஆகஸ்டில் கர்நாடக மந்திரிசபை 17 சதவீத ஒதுக்கீட்டை 6, 6, 5 என்று மூன்றாகப் பிரிக்க முடிவெடுத்தது. 'ஆதி திராவிடர்' என்று சான்றிதழ் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, தங்கள் பிள்ளைகள் எந்தப் பிரிவில் சேர்வார்கள் என்பது சாதாரண விஷயம் அல்ல. வேலை விண்ணப்பம் போடும் பையனுக்கு அது வாழ்வுப் பிரச்சினை. இங்கே இரு பக்கமும் தலையாட்டுவது முடியாத காரியம்.

மூன்றாவது, நெடுஞ்சாலை. பெங்களூர்-சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, சுமார் 71 கிலோமீட்டர், 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. சாலை வந்தால் நிலத்துக்கு விலை வரும். லைன் வீட்டில் பரம்பரையாகக் குடியிருந்தும் சொந்தப் பத்திரம் இல்லாதவனுக்கு அந்த விலையால் பயம்தான் வரும்.

முடிவு என்ன?

மிதவாதம் தவறல்ல. நான்கு மொழி பேசும் தொகுதியில் ஒரு மொழிக்காக மட்டும் கொடி பிடிப்பவர் மற்ற மூன்றையும் இழப்பார். அந்த வகையில் ரூபகலாவின் நடுப்பாதை, மாறிய தொகுதிக்குப் பொருந்தித்தான் இருக்கிறது. 50 ஆயிரம் ஓட்டு வித்தியாசம் அதற்குச் சாட்சி.

ஆனால் நடுவில் நிற்பது வேறு, சும்மா நிற்பது வேறு. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே நியாயம் பார்க்க நடுநிலை வேண்டும். நிலத்துக்கும் வேலைக்கும் பெங்களூரிலும் டில்லியிலும் வாதாடும்போது பிடிவாதம் வேண்டும். பழைய தலைவர்களிடம் இந்தப் பிடிவாதம் இருந்தது. அவர்களுக்குக் கிராமத்தின் ஓட்டு இல்லை. இன்றைய எம்.எல்.ஏ.வுக்கு இரண்டு பக்க ஓட்டும் இருக்கிறது.

அடுத்த தேர்தலில் தங்கவயல் அவரிடம் மொழியையும் கேட்காது, கட்சியையும் அதிகம் கேட்காது. விடியற்காலை ரெயிலில் நின்றுகொண்டே போகிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளூரில் வேலை கிடைத்தது என்றுதான் கேட்கும். அந்தக் கூட்டம் குறைந்தால் அவர் பொருத்தமானவர். குறையாவிட்டால், எத்தனை ஆயிரம் ஓட்டு வித்தியாசம் இருந்தாலும் அது கரைய ஒரே தேர்தல் போதும்.