தொட்டியில் இருந்தால் விருந்தாளி! ஏரிக்குப் போனால்?

"பேப்பர் வந்துவிட்டதா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பி குடிப்பதற்கு முன்பே பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது.

பேப்பர் வருகிறது. அப்பா செய்தி படிக்கிறார். அம்மா மலரைப் புரட்டுகிறார். பிள்ளைகள் படம் பார்க்கிறார்கள்.

ஆனால், 'பேப்பர்' என்ற சொல்லுக்குள் ஒரு செடியின் பெயர் ஒளிந்து இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆம்! ஆப்பிரிக்காவின் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு கோரையின் பெயர் 'பாப்பிரஸ்'. அந்தப் பெயரில் இருந்து பிறந்ததுதான் 'பேப்பர்' என்ற சொல்.

அந்தக் கோரை இன்று அழகுச் செடியாக நம் ஊருக்கும் வந்துவிட்டது. பங்களாத் தோட்டங்களில் நிற்கிறது. ஓட்டல் வாசலில் நிற்கிறது. பூங்காக் குளங்களிலும் நிற்கிறது. அதன் தங்கையான இன்னொரு ஆப்பிரிக்கக் கோரை, சிறிய வீடுகளின் வாசல் தொட்டிக்கே வந்துவிட்டது.

இந்தச் செடியை வளர்க்கலாமா? கூடாதா?

வளர்க்கலாம். அதனிடம் வேலையும் வாங்கலாம். ஆனால் அதைத் தொட்டியை விட்டு இறங்க விடக்கூடாது. இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

அக்காளும் தங்கையும்

அக்காள் பாப்பிரஸ். 15 அடி உயரம்கூட வளரும். தண்டைத் தொட்டுப் பார்த்தால் மூன்று பட்டையாக இருக்கும். உச்சியில் மெல்லிய பச்சை நூல்கள் கொத்தாகத் தொங்கும். சின்னப் பெண் தலையை விரித்துப் போட்டதுபோல் இருக்கும்.

தங்கைக்குக் 'குடைக் கோரை' என்று பெயர் வைத்துக் கொள்ளலாம். 3 முதல் 5 அடி உயரம் வரை வளரும். உச்சியில் இலைகள் சுற்றிலும் விரிந்து, குடைக் கம்பிகள்போல் நிற்கும். மடகாஸ்கர் தீவும் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியும் இந்த வகையின் தாய்வீடு.

இரண்டும் நமக்கு முற்றிலும் அந்நியம் அல்ல. பாய் பின்னும் கோரையும், வயலில் உழவனைப் பாடாய்ப் படுத்தும் கோரைக் கிழங்கும் இதே குலத்தைச் சேர்ந்தவைதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாய்க்கோரை சோறு போடுகிறது. கோரைக் கிழங்கு சோற்றைக் கெடுக்கிறது. குலம் ஒன்று, இருக்கும் இடத்தைப் பொறுத்துக் குணம் மாறுகிறது!

நாடு ஆண்ட கோரை

பாப்பிரஸ் வெறும் அழகுச் செடியாகப் பிறக்கவில்லை. அது உழைப்பாளி.

எகிப்து தேசத்தில் அதன் பச்சைத் தோலைச் சீவினார்கள். உள்ளே இருக்கும் வெண்மையான சோற்றை மெல்லிய பட்டைகளாக அரிந்தார்கள். ஒரு வரிசை நெடுக்காகவும், அதன்மேல் ஒரு வரிசை குறுக்காகவும் வைத்து அழுத்தினார்கள். காய்ந்ததும் எழுதும் தாள் ஆகிவிட்டது!

செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் 2013-ஆம் ஆண்டில் பழைய பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. வயது சுமார் 4,500 ஆண்டுகள். அவற்றில் என்ன எழுதி இருந்தது? மெரர் என்ற ஓர் அதிகாரியின் நாட்குறிப்பு! கூஃபு மன்னரின் பிரமிடுக்காகத் தன் ஆட்களுடன் படகில் சுண்ணாம்புக் கல் ஏற்றிச் சென்றதை அவர் எழுதி வைத்திருக்கிறார். மன்னர் போனார்; மெரரும் போனார்; கோரையில் எழுதிய கணக்கு நிற்கிறது.

தாள் மட்டுமா? கயிறு, பாய், கூடை, செருப்பு எல்லாம் அதில் செய்தார்கள். படகும் கட்டினார்கள். எத்தியோப்பியாவில் டானா என்ற ஏரியில் பாப்பிரஸ் படகு கட்டும் வழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது.

"கோரைப் படகு கடலைத் தாண்டுமா?" என்று சிலர் சிரித்தார்கள். நார்வே நாட்டைச் சேர்ந்த தோர் ஹையர்தால் சும்மா இருக்கவில்லை. 1969-இல் ஒரு பாப்பிரஸ் படகு கட்டி மொராக்கோவில் இருந்து புறப்பட்டார். அது கரை சேரவில்லை. மனம் தளராமல் 1970-இல் இன்னொன்று கட்டினார். 57 நாட்களில் அட்லாண்டிக் கடலைக் கடந்து பார்படோஸ் தீவை அடைந்தார்!

வேலை போனது; செடியும் போனது

இவ்வளவு உழைத்த செடிக்கு எகிப்தில் என்ன நடந்தது?

சீனாவில் பிறந்த காகிதம் அரபு நாடுகள் வழியாக எகிப்துக்கு வந்தது. பாப்பிரஸைக் கேட்பார் இல்லை. பயிர் செய்வார் இல்லை. சதுப்பு நிலங்கள் வயல்களாகின. 19-ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் எகிப்தில் அந்தச் செடியைக் காண்பதே அரிதாகிவிட்டது.

பின்னர் ஹசன் ராகப் என்ற எகிப்தியப் பொறியாளர், 1960-களில் சூடானில் இருந்து வேர்களைக் கொண்டுவந்து நைல் கரையில் மீண்டும் வளர்த்தார். பழைய முறையில் தாள் செய்யவும் வழி கண்டார்.

தாய்நாட்டிலேயே ஒரு செடியை அந்நியர்போல் அழைத்துவர வேண்டி வந்ததே! பயன்படுத்துகிறவர் இல்லாமல் போனால், பெரும் புகழ் படைத்த செடிக்கும் இதுதான் கதி.

இன்றும் ஆப்பிரிக்காவில் வேலை செய்யும் பாப்பிரஸ் இருக்கிறது. உகாண்டா நாட்டின் தலைநகர் கம்பாலா. அந்த நகரத்தின் கழிவுநீர் நகிவூபோ என்ற சதுப்பு நிலம் வழியாக விக்டோரியா ஏரிக்குப் போகிறது. அங்குள்ள பாப்பிரஸும் மற்றச் செடிகளும் அழுக்கில் ஒரு பகுதியை வடிகட்டுகின்றன. சம்பளம் இல்லாத துப்புரவுத் தொழிலாளி! ஆனால் பயிர் வைக்கவும் கட்டடம் கட்டவும் அந்தச் சதுப்பு நிலத்தையே வெட்டி வருகிறார்கள்.

விருந்தாளி வீட்டுக்காரர் ஆனால்...

"இவ்வளவு நல்ல செடியை ஏன் நம் ஏரியில் நடக்கூடாது?" என்று நீங்கள் கேட்கலாம்.

இதே கேள்வியை ஒரு காலத்தில் ஆகாயத் தாமரையைப் பற்றியும் கேட்டிருப்பார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த செடி அது. ஊதா நிறப் பூவின் அழகில் மயங்கி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டு வந்தார்கள். இன்று அது இல்லாத ஏரி எது? மீன் பிடிக்க முடியவில்லை. படகு விட முடியவில்லை. வாய்க்கால் அடைத்துக் கொள்கிறது. அள்ள அள்ள வளர்கிறது!

பாப்பிரஸின் சொந்த ஊரான விக்டோரியா ஏரியையே 1990-களில் இந்த ஆகாயத் தாமரை பாடாய்ப் படுத்தியது. அதன் தாய்நாட்டில் அதைத் தின்னும் வண்டுகள் உண்டு. புது ஊருக்கு அது வந்தபோது அந்த வண்டுகள் கூட வரவில்லை. அதனால்தான் இந்த ஆட்டம்.

குடைக் கோரையும் சாதுச் செடி அல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழகுச் செடியாகப் போனது. தோட்டத்தைத் தாண்டியது. நீர்க்கரைகளில் தானாக முளைத்தது. அங்கே அதைத் தொல்லைச் செடிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு துண்டு வேர் போதும், அது பிழைத்துக் கொள்ளும். ஆகையால் வாடிய செடிதானே என்று சாக்கடையிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். வாய்க்கால் ஏரிக்குப் போகும். உங்கள் குப்பை ஊருக்கே தலைவலி ஆகும்.

வளர்ப்பது எப்படி?

குடைக் கோரையை வளர்க்கப் பணம் அதிகம் வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் ஒரு தலை கேட்டு வாங்குங்கள்.

குடைக்குக் கீழே 2 அங்குலம் தண்டு விட்டு வெட்டுங்கள். இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தலைகீழாகப் போடுங்கள். சில வாரங்களில் குடையின் நடுவில் இருந்து வேரும் குருத்தும் கிளம்பும். பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள், வாய் பிளப்பார்கள்! டம்ளர்த் தண்ணீரை 3 நாட்களுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

பிறகு, ஓட்டை இல்லாத தொட்டியிலோ பழைய பக்கெட்டிலோ களிமண் கலந்த மண்ணைப் போட்டு நடுங்கள். மேலே சிறு கூழாங்கல் பரப்புங்கள். காலை வெயில் படும் இடம் நல்லது.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. பலர் இந்தச் செடியின் அடியில் தண்ணீரைக் குளம்போல் தேக்கி வைக்கிறார்கள். அது டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் கட்டுவதற்குச் சமம்! குடைக் கோரைக்குச் சேறு ஈரமாக இருந்தால் போதும். கல்லுக்கு மேல் தண்ணீர் தெரியக் கூடாது. மழைக்காலத்தில் தேங்கினால் சாய்த்து வடித்து விடுங்கள்.

வேலை வாங்குங்கள்!

காய்கறி கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றலாம். தண்ணீர் மிச்சம்; செடிக்கும் விருந்து.

முற்றிய தண்டுகளை அறுத்து நிழலில் காயப் போடுங்கள். கொடி கட்டவும், சிறு தட்டி பின்னவும் உதவும். பச்சைக் குடைகளைப் பூச்சாடியில் வைத்தால் பல நாள் வாடாது.

பாப்பிரஸ் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் தாள் செய்து பார்க்கலாம். தோல் சீவும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். பட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, நெடுக்கும் குறுக்குமாக அடுக்கி, இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து அம்மிக்கல்லை ஏற்றுங்கள். துணி நனைந்ததும் மாற்றுங்கள். சில நாளில் சொந்தத் தாள் கையில்! அதில் தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடப் புத்தகமும் தராத பாடம் அது.

பூங்கொத்து பழுப்பு நிறம் ஆகி விதை விழுவதற்கு முன்பே வெட்டி விடுங்கள். கழித்த வேரைச் சிமெண்டுத் தரையில் சருகாகும்வரை காய வைத்து, அதன் பிறகே எருக்குழியில் போடுங்கள்.

நம் ஏரிக்கு நம் செடி

ஊரில் குளம் வெட்டுகிறவர்களுக்கும் பூங்கா அமைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை.

குளக்கரைக்குப் பச்சை வேண்டும் என்றால், வெளிநாட்டுக் கோரையைத் தேடி ஓட வேண்டாம். நம் கோரை இருக்கிறது. சம்பு இருக்கிறது. நாணல் இருக்கிறது. நம் பறவைகளுக்கு அவற்றில் கூடு கட்டத் தெரியும். நம் பாய்காரர்களுக்கு அவற்றைப் பின்னத் தெரியும்.

சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுருக்கிவிட்டு, மழை வந்தபோது தவித்தோம். கம்பாலாவில் செய்யும் அதே பிழைதான். சொந்தக் கோரையை அழிப்பதும் தவறு. வந்த கோரையை ஏரியில் அவிழ்த்து விடுவதும் தவறு.

விருந்தாளிக்குத் திண்ணையில் பாய் போடுவோம். நல்ல சாப்பாடு கொடுப்போம். அதற்காக வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுப்போமா?

ஆப்பிரிக்கக் கோரைக்கு உங்கள் வாசலில் ஒரு தொட்டி கொடுங்கள். ஏரி நம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்!