அறிவியல் புனைதிரைப்படங்களில் ஆற்றல் மூலம்: உலகியல் வழக்கும் நாடக வழக்கும்

தமிழ் அறிவியல் புனைதிரைப்படங்களை ஆராய்வோர் தொன்மம், நாயக பிம்பம், வரைகலை ஆகியவற்றோடு பெரிதும் நின்றுவிடுகின்றனர். கதையில் வரும் எந்திரம் எதனால் இயங்குகிறது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. அது இயற்பியலாருக்கு மட்டும் உரிய வினா அன்று. நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்தே தொல்காப்பியர் புலனெறி வழக்கத்தை வகுத்தார். அகத்திணைக்குரிய அவ்விலக்கணத்தைத் திரைக்கு நீட்டுதல் மிகையென்பாரும் உளர். எனினும் புனைவு எவ்வளவு உலகியலைத் தாங்க வேண்டும் என்று வினவ அதனினும் பொருத்தமான கருவி நம்மிடம் இல்லை.

'எந்திரன்' (2010) இத்தேர்வில் ஓரளவு தேறுகிறது. சிட்டிக்கு மின்னூட்டம் வேண்டும். அது தீர்ந்தால் இயக்கமும் தீரும். '2.0' (2018) படத்திலோ பறவையியலாளர் ஒருவரின் சினம் எதிர்மறை ஆற்றலாகத் திரண்டு கைப்பேசிகளைப் பறக்கவைக்கிறது. ஃபோட்டான்களைக் கொண்டு அது சமன்செய்யப்படுகிறது. ஃபோட்டானுக்கு மின்னூட்டமே இல்லை. ஓய்ந்திருக்கும் மனித உடல் வெளியிடும் வெப்பமோ ஏறத்தாழ 100 வாட், ஒரு பழைய குண்டுவிளக்கின் அளவு. உள்ளத்தின் ஆற்றல் என்னும் உருவகம் இங்கு இயற்பியல் அளவையாக வேடமிடுகிறது, குறை அங்குத்தான்.

இதற்கு மாறான மரபும் உண்டு. ஐசக் அசிமோவ் 1941-இல் வெளியிட்ட 'ரீசன்' சிறுகதையில் விண்நிலையம் சூரிய ஆற்றலைக் கற்றையாக்கிக் கோள்களுக்கு அனுப்புகிறது. 1968-இல் பீட்டர் கிளேசர் அத்தகைய அமைப்பைப் பொறியியல் திட்டமாக முன்வைத்தார். 2010-இல் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்துடன் இதற்கெனக் கைகோத்தவர் இராமேஸ்வரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். கிளேசர் அசிமோவிடம் கடன்பட்டார் என்பதன்று என் கருத்து. புனைவும் பொறியியலும் ஒரே ஆற்றல் கணக்கில் நிற்க முடிந்தது என்பதே.

அதே இராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியருகே, 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் எனக் கொண்டால் அப்பரப்பில் விழுவது 10,000 மெகாவாட். உச்சநேரத்தில் கிடைப்பது அதில் பதினைந்தில் ஒரு பங்கு, இரவில் ஏதுமில்லை. தகடுகளின் தூசியைத் துடைக்கும் எந்திரன்களும் அங்குச் சூரிய மின்னூட்டத்தாலேயே இயங்குகின்றன. சிட்டியின் எளிய உறவினர் எனலாம்.

திரையில் ஆற்றல் விலையின்றிச் சுரக்கும்போது மறைக்கப்படுவது இந்த நிலம். நிலத்தை முதற்பொருளாகக் கொண்ட திணைக்கோட்பாட்டைக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் அதைக் காணாது கடத்தல் தகாது. புனைதிரைப்பட ஆய்வேடுகளில் ஆற்றல் மூலத்திற்கு ஓர் இயல் ஒதுக்கப்படவும், இயற்பியல் துறையினர் ஒருவர் இணைநெறியாளராக அமையவும் பல்கலைக்கழகங்கள் இடமளிக்க வேண்டும்.