நாலு கோர் எங்கே போச்சு பாஸ்?

போன வாரம் ஓ.எஸ். லேபுக்காக ஒரு த்ரெட் புரோகிராம் எழுதினேன். ஒரு பெரிய எண் வரை எத்தனை பகா எண்கள் இருக்குன்னு எண்ணணும். ஒரே த்ரெட்டில் ஓட்டினா 40 செகண்ட். வேலையை நாலு த்ரெட்டுக்குப் பிரிச்சுக் கொடுத்தா? அதே 40 செகண்ட்! மறுநாள் வைவா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் புரோகிராமைத் துருவித் துருவிப் பார்த்தேன்.

கடைசியில பார்த்தா, லேப்டாப்பில் நாலு கோர் இருக்கு. ஆனா விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ள ஓடுற உபுன்டுவுக்கு நான் கொடுத்திருந்தது ஒண்ணே ஒண்ணு. நாலு பேரை வேலைக்குக் கூப்பிட்டு ஒரே மண்வெட்டியைக் கொடுத்த கதை!

உங்களுக்கும் இப்படி ஆகுதா? உபுன்டு டெர்மினலில் என், பி, ஆர், ஓ, சி - இந்த அஞ்சு எழுத்தையும் சின்ன எழுத்தில் சேர்த்து அடிச்சு என்டர் தட்டுங்க. 1-ன்னு வந்தா, கோர் பஞ்சம்தான். அப்புறம் வரிசையா இதைப் பாருங்க.

முதல்ல பயாஸ். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில், பெர்ஃபார்மென்ஸ் பக்கத்தில், 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு'ன்னு இருக்கணும். இல்லைன்னா பயாஸுக்குள்ள போய் இன்டெல்காரங்க 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி'யையும், ஏஎம்டிகாரங்க 'எஸ்விஎம் மோடை'யும் ஆன் பண்ணுங்க. 2019-ல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-லிருந்து இது கட்டாயம்.

அடுத்து செட்டிங்ஸ். விர்ச்சுவல் மெஷினை முழுசா ஷட் டவுன் பண்ணுங்க. சேவ் பண்ணி மூடினா போதாது. சிஸ்டம் பகுதியில் பிராசஸர் எண்ணிக்கையைக் கூட்டுங்க. அங்கேயே 'ஐ/ஓ ஏபிக்' டிக் ஆகியிருக்கான்னும் பாருங்க. ஒண்ணுக்கு மேல கோர் வேணும்னா அது இருந்தே ஆகணும்.

பேராசை மட்டும் வேண்டாம். நாலு கோர் மெஷினில் '8 லாஜிக்கல் பிராசஸர்'னு டாஸ்க் மேனேஜர் ஆசை காட்டும். நிஜ கோர் எண்ணிக்கையைத் தாண்டாதீங்கன்னு விர்ச்சுவல்பாக்ஸ் மேனுவலே சொல்லுது. வெளியே இருக்கிற விண்டோஸும் மூச்சு விடணுமே! நான் 2 கொடுத்தேன்.

கோர் கொடுத்தும் நத்தை வேகமா? மெஷின் விண்டோவின் அடியில் பச்சை ஆமை படம் தெரியுதான்னு பாருங்க. நிஜமாவே ஆமைதான்! விண்டோஸின் ஹைப்பர்-வி குறுக்கே நிற்குதுன்னு அர்த்தம். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் அதை எடுத்துவிடலாம். ஆனா டாக்கரும் டபிள்யூஎஸ்எல் 2-வும் அந்த வசதியை நம்பித்தான் பெரும்பாலும் ஓடுது. யோசிச்சுச் செய்யுங்க.

விஎம்வேரில் விண்டோஸ் ஹோம் போட்டவங்களுக்கு வேற சிக்கல். ஹோம் எடிஷன் ஒரே ஒரு சாக்கெட்டைத்தான் மதிக்கும், ப்ரோ ரெண்டு. 'பிராசஸர் 4, கோர் 1'ன்னு கொடுத்தா ஹோமுக்கு ஒரே கோர்தான். 'பிராசஸர் 1, கோர் 4'ன்னு மாத்திக் கொடுங்க. மேட்டர் ஓவர்.

என் கதைக்கு வருவோம். 2 கோர் கொடுத்ததும் நேரம் சடார்னு குறைஞ்சது. துள்ளிக் குதிச்சேன். ஆனா விடை? ஒவ்வொரு தடவையும் வேற வேற எண்! த்ரெட்கள் ஒரே வேரியபிளில் ஒரே சமயத்தில் கூட்ட, சில எண்ணிக்கை காணாமப் போயிருக்கு. ஒரு கோரில் மாறி மாறி ஓடினதால அந்தத் தப்பு ஒளிஞ்சே இருந்தது. ஒவ்வொரு த்ரெட்டும் தனியா எண்ணி, கடைசியில் மியூட்டெக்ஸ் போட்டுக் கூட்டின பிறகுதான் விடை நின்னது.

வைவாவில் முதல் கேள்வி என்ன தெரியுமா? "இங்க எதுக்குப்பா மியூட்டெக்ஸ்?"

கோர் பஞ்சத்திலேயே இருந்திருந்தா திருதிருன்னு முழிச்சிருப்பேன். அதனால, த்ரெட் புரோகிராம் ஓடிடுச்சுன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, அது எத்தனை கோரில் ஓடுச்சுன்னு பாருங்க மக்களே!