கட்டாக்காலிக்கு உடையவன் இல்லையா?

கட்டாக்காலி மாடொன்று வேலி பிரித்து உள்நுழைந்து பயிரை அழித்தால், கமக்காரன் மாட்டோடு வழக்காடுவதில்லை. குறியைப் பார்க்கிறான். குறி யாருடையது என்று கேட்கிறான். விதானையார்மார் இருந்த காலத்திலும் இதுவே வழக்கு; இன்றும் இதுவே வழக்கு. சுட்ட குறி மாட்டின் தொடையில் தெளிவாகத் தெரிகையில், "மாடு எனதன்று, அது தன் விருப்பப்படி மேய்ந்தது" என்று ஒருவன் சொல்வானாயின் ஊர் சிரிக்கும். அவுஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றத்தில் 2024 நவம்பரில் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம் பெற்ற வெற்றியைப் படித்தபோது, எமக்கு முதலில் நினைவில் எழுந்தது அந்தக் குறிதான்.

வழக்கு இதுவாகும். விக்ரோறியா மாநிலத்தின் கரையோரத்திலே போட் பெயாரி என்றொரு சிற்றூர். 1971 இல் அவ்வூரில் ஐந்து வயதுப் பாலகன் ஒருவன். அவ்வூர்த் தேவாலயத்தின் உதவிக் குருவானவர் அவன் பெற்றோரின் வீட்டுக்கு வந்துபோவார். குருவானவர் வீடு தேடி வருகிறார் என்றால் எந்தப் பெற்றோர்தாம் மகிழார்? அந்த மகிழ்ச்சியின் நிழலிலேயே பாலகன் பாலியற் கொடுமைக்கு ஆளானான். அரை நூற்றாண்டு கழித்து அவர் வழக்குத் தொடுத்தார். 2021 இல் விக்ரோறியாவின் மன்றம், குருவின் செயலுக்குப் பல்லாரட் மறைமாவட்டம் பொறுப்பாளி என்று தீர்த்தது. 2023 இல் மேன்முறையீட்டு மன்றமும் அதனையே உறுதி செய்தது. உயர் நீதிமன்றமோ இரண்டையும் புரட்டிவிட்டது. ஏவலாளின் குற்றத்துக்கு எசமான் பொறுப்பு என்னும் விதி சம்பளத்துக்கு அமர்ந்த வேலையாளுக்கே உரியது. குருவானவர் வேலையாள் அல்லர். ஆகவே அவ்விதியின்கீழ் மறைமாவட்டம் பொறுப்பன்று. இதுவே தீர்ப்பின் சாரம்.

நீதியரசர்கள் சட்டத்தைத் திரித்தனர் என்று நாம் கூறவில்லை. விதியின் எல்லையை விரிக்க மறுத்தனர், அவ்வளவே. ஆனால் கனடாவின் உச்ச மன்றம் 2004 இலும், இங்கிலாந்தின் மன்றங்கள் 2012 இலும் இந்த எல்லையைத் தாண்டிச் சென்று திருச்சபையைப் பொறுப்பேற்க வைத்தன என்பதை எம் நியாயவாதிகள் அறிவர். எமது சினம் நீதியரசர்மீதன்று. அந்த வாதத்தை மன்றேற்றிய மறைமாவட்டத்தின்மீதே.

குருவுக்கு அங்கி அணிவித்தவர் யார்? இன்ன ஊருக்குப் போ என்று கட்டளையிட்டவர் யார்? தங்க வீடும் உண்ண உணவும் கொடுத்தவர் யார்? மேற்றிராணியாருக்குக் கீழ்ப்படிவேன் என்று குருப்பட்டத்தின்போது சத்தியம் வாங்கியவர் யார்? இத்தனைக்கும் உரிமை கொண்டாடும் பீடம், நட்டஈட்டுக் கடதாசி நீட்டப்படும்போது மட்டும், "அவர் எம் வேலையாள் அல்லர்" என்கிறது. கடையில் நிறை நிறுக்கும் சிறுவன் படியைக் குறைத்தால் முதலாளி பதில் சொல்கிறார். வண்டிச் சாரதி வழியில் ஒருவரை மோதினால் கம்பனி பதில் சொல்கிறது. ஆன்மாக்களை மேய்க்க அனுப்பியவர் மட்டும் பதில் சொல்லார்!

இதே பல்லாரட் மறைமாவட்டத்தின் பழைய கணக்கொன்றும் உண்டு. ஜெரால்ட் றிட்ஸ்டேல் என்னும் குருவானவர் 29 ஆண்டுகளில் 16 நியமனங்கள் பெற்றார். ஓரிடத்தில் சராசரி இரண்டு ஆண்டுகூட இல்லை. எம் நாட்டிலே அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் இப்படி மாற்றப்பட்டால், ஏதோ இருக்கிறது என்று எழுதுவினைஞர்கூட ஊகித்துவிடுவார். ஊகிக்க வேண்டிய தேவையும் அங்கே இருக்கவில்லை. அக்குரு சிறுவர்களைக் கெடுத்ததை ஒப்புக்கொண்டார் என்பது மேற்றிராணியார் மல்கேர்ன்ஸ் அவர்களுக்கு 1975 இன் இறுதியிலேயே தெரிந்திருந்தது என அந்நாட்டின் அரச ஆணைக்குழு பின்னர் கண்டறிந்தது. தெரிந்த பின் என்ன நடந்தது? 1976 இல் ஈடன்கோப் என்னும் ஊர். 1981 இல் மோட்லேக் என்னும் ஊர். அங்கும் பிள்ளைகள் இருந்தனர். அவ்வூர்ப் பெற்றோருக்கு எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. 1993 முதல் பல தடவை தண்டனை பெற்ற அம்மனிதர், அறுபதுக்கு மேற்பட்ட சிறாரைக் கெடுத்த குற்றவாளியாய், 2025 இல் சிறைக் கைதியாகவே இறந்தார்.

குற்றம் ஒருவருடையது, இடமாற்றக் கடிதம் யாருடையது? தனி மனிதனின் பலவீனம் என்று சொல்லி இதை மூடப் பார்ப்போர் அந்தக் கடிதங்களுக்கு விடை கூறட்டும். பலவீனம் கடிதம் எழுதாது. முத்திரை குத்தாது. அடுத்த பங்கின் சாவியை எடுத்துக் கொடுக்காது.

2007 இல் இன்னொரு தந்திரம் பலித்தது. சிறுவனாய்ப் பீடப் பணி செய்த காலத்தில் கெடுக்கப்பட்டு, வளர்ந்து தாமே சட்டத்தரணியான ஒருவர் சிட்னியில் வழக்காடினார். திருச்சபை என்பது சட்டத்தின் முன் ஓர் ஆளன்று, அதன்மீது வழக்கு வைக்க முடியாது. அதன் சொத்தை வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளரோ குருவின் செயலுக்குப் பொறுப்பல்லர் என்று நியூ சவுத் வேல்சின் மேன்முறையீட்டு மன்றம் தீர்த்தது. காணி வாங்கும்போது ஆள் உண்டு. கட்டடம் எழுப்பும்போது ஆள் உண்டு. வழக்கு வரும்போது ஆள் இல்லை! இந்த ஓட்டையை விக்ரோறியா அடைக்க 2018 ஆயிற்று. ஓர் ஓட்டை அடைபட்டு ஆறு ஆண்டுக்குள் நாம் மேலே கூறிய மற்ற ஓட்டை திறந்தது.

இவற்றை எழுதுவதால் நாம் திருச்சபையின் பகைவராவோமா? யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூட வாங்கிலே இருந்து எழுத்தறிந்த குடும்பங்கள் எத்தனை! நன்றி மறந்தவர் நாம் அல்லர். தம் வாழ்வையே எம் பிள்ளைகளுக்கு ஈந்த குருமாரும் கன்னியாஸ்திரிகளும் பலர். அவர்களுடைய பெயரைக் கெடுப்பவர் யார்? உண்மையை எழுதுபவரா, இடமாற்றக் கடிதம் எழுதியவரா?

சைவ அன்பர்கள் இதனைப் படித்துத் திருப்தி கொள்ளவும் வேண்டாம். 2013 முதல் 2017 வரை இருந்த அந்த அரச ஆணைக்குழு, கத்தோலிக்கரோடு அங்கிலிக்கரையும், இரட்சணிய சேனையையும், யூதப் பாடசாலைகளையும் விசாரித்தது. மங்கிறோவ் மவுண்டன் என்னுமிடத்து சத்தியானந்த யோக ஆச்சிரமத்தையும் விசாரித்தது. காவி உடுத்த சுவாமியாரின் காலடியில் விடப்பட்ட பிள்ளைகளும் அங்கே கெடுக்கப்பட்டனர். உடை எதுவாயினும், கேள்வி கேட்கக் கூடாத பீடம் எங்கே உண்டோ அங்கே இது நிகழும்.

எனினும் தொகையை மறைக்கலாகாது. 1950 முதல் 2010 வரை அந்நாட்டில் ஊழியம் புரிந்த கத்தோலிக்க குருமாருள் நூற்றுக்கு 7 பேர்மீது முறைப்பாடு உண்டு. 1980 முதல் 2015 வரை கத்தோலிக்க நிறுவனங்களிடம் முறையிட்டோர் 4,444 பேர். தனி அறையிலிருந்து தம் கதையைச் சொன்னோர், எல்லாச் சமயத்தவரும் சமயமற்ற நிறுவனங்களில் வளர்ந்தோரும் சேர, 8,000 பேருக்கு மேல். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதாயினும் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும் என ஆணைக்குழு சிபாரிசு செய்தது. 2019 இல் விக்ரோறியா அதைச் சட்டமாக்கியபோது, சிறை செல்வேனேயன்றிச் சொல்லேன் என்றார் மெல்பேர்ண் அதிமேற்றிராணியார். சமய மனச்சாட்சிக்கு நாம் தலை வணங்குவோம். ஆனால் கேட்டதைச் சொல்லாமைக்குச் சிறை செல்லத் துணிந்த திருச்சபையில், சொல்லாமையால் கெட்ட பிள்ளைகளுக்காகச் சிறை செல்லத் துணிந்தவர் எத்தனை பேர்?

எமக்கென்ன என்று கேட்பீராயின், எம் உறவினர் ஆயிரக்கணக்கில் வாழ்வதும், தம் பிள்ளைகளைத் திருச்சபைப் பள்ளிகளுக்கு அனுப்புவதும் அந்த மெல்பேர்ணிலும் சிட்னியிலுமே. அவர்களுக்காக ஒரு கணக்கையும் இங்கே எழுதி வைக்கிறோம். 2018 யூலையில் அந்நாட்டு அரசாங்கம் நிவாரணத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆணைக்குழு சொன்ன உச்சத் தொகை 200,000 டொலர். அரசாங்கம் வகுத்தது 150,000. விண்ணப்பிக்க விதிக்கப்பட்ட இறுதி நாள் 2027 யூன் 30. கெடுக்கப்பட்ட பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்ல எடுக்கும் காலம் சராசரி 24 ஆண்டுகள் என்று அதே ஆணைக்குழு கண்டது. 2010 இல் கெடுக்கப்பட்ட பிள்ளை 2034 இல் வாய் திறக்கும். அன்று அந்தத் திட்டத்தின் கதவு மூடி ஏழு ஆண்டாகியிருக்கும். மன்றத்துக்குப் போனால், குருவானவர் எம் வேலையாள் அல்லர் என்ற 2024 இன் வாதம் அங்கே காத்திருக்கும். அதைத் துடைத்தெறியச் சட்டம் இயற்றுவது அந்நாட்டுச் சட்டசபைகளின் கையில் உள்ளது. அங்கே வாக்குரிமை பெற்ற எம்மவர், வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரிடம் இதைக் கேட்கட்டும்.