வீட்டு மின்சாரமும் எர்த் குழியும்

மோட்டார் வாங்கும் குடியானவர் அதன் குதிரைச் சக்தி எவ்வளவு, எத்தனை அடி ஆழத்திலிருந்து நீர் இறைக்கும் என்று நான்கு இடங்களில் விசாரித்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அவரே தம் வீட்டுக்கு வயரிங் செய்விக்கும்போது விளக்குகளின் கணக்கோடு விசாரணையை நிறுத்திவிடுகிறார். எர்த் குழி வெட்டப்பட்டதா, அதிலிருந்து வரும் கம்பி ஒவ்வொரு பிளக்கின் பெரிய துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பவர் மிகச் சிலரே. கம்பியே சேராத மூன்றாவது துவாரம் வீட்டாரை ஏமாற்றும் அலங்காரமேயன்றி வேறில்லை.

பைக்காராவில் 1932-ஆம் வருஷத்திலும், மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் மின்சார உற்பத்தி தொடங்கியது. அந்நாளில் கிராமத்து வீட்டில் மின்சாரம் என்றால் பெரும்பாலும் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கிய விளக்குத்தான். இன்றோ கிரைண்டர், சலவை இயந்திரம், வெந்நீர் ஹீட்டர், மாட்டுக் கொட்டகையில் தீவனம் நறுக்கும் இயந்திரம் ஆகிய யாவும் ஈரக் கையும் வெறுங்காலும் படுமிடத்தில் இருக்கின்றன. உள்ளே கம்பியின் உறை தேய்ந்தோ எலி கடித்தோ போனால், இரும்புக் கூடு முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். கண்ணுக்கு யாதொரு வித்தியாசமும் தெரியாது.

ப்யூஸ் இருக்கும்போது பயமென்ன என்று சிலர் கூறுவர். ப்யூஸ் கம்பியையும் இயந்திரத்தையும் காக்க ஏற்பட்டது. மனிதனைக் காக்க ஏற்பட்டதன்று. ஈரக் காலுடன் நிற்பவர் உடலில் 230 வோல்ட் பாய்ந்தால் ஓடக்கூடியது ஏறக்குறைய கால் ஆம்பியர். அது இருதயத்தை நிறுத்தப் போதுமானது. ஐந்து ஆம்பியர் ப்யூஸ் அதைப் பொருட்படுத்தவே செய்யாது. ப்யூஸ் போனவுடன் கைக்குக் கிடைத்த தாமிரக் கம்பியை முறுக்கிப் போடும் வழக்கமுள்ள வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

முப்பது வருஷமாக எர்த் இல்லாமலே ஒன்றும் நேரவில்லை என்பாரும் உண்டு. கம்பியின் உறை நன்றாயிருந்த வரையில் நேரவில்லை என்பதே அதன் பொருள்.

எர்த் குழி வெட்டியவர்களும் அத்துடன் கவலை தீர்ந்ததென்று இருந்துவிடுகின்றனர். இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி இட்டு நிரப்புவது வெகு நாளைய முறை. ஆனால் குழி வேலை செய்வது ஈரத்தினால். நிலத்தின் ஈரத்தைக் கைமண்ணில் பிசைந்தே அறியும் விவசாயி, பயிருக்கு நீர் பாய்ச்சத் தவறாதவர், இக்குழிக்கு மட்டும் ஒரு குடம் நீர் ஊற்ற மறந்துபோவது விந்தையே! சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து, குழியின் தடை ஐம்பது ஓம் அளவுக்கு ஏறிவிட்டதென வைத்துக்கொள்வோம். கசியும் மின்சாரம் ஐந்து ஆம்பியரைக்கூட எட்டாது. ப்யூஸ் உருகாது, இயந்திரத்தின் கூடு உயிர்க்கொல்லியாகவே நிற்கும். ஆகவே கோடையில் வாரந்தோறும் நீர் ஊற்றுவதும், வருஷம் ஒரு முறை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் மெக்கர் வைத்து அளப்பிப்பதும் அவசியம்.

இதனினும் கொடியது மற்றொரு வழக்கம். நியூட்ரலில் கோளாறு ஏற்பட்ட வேளைகளில் எர்த் கம்பியை நியூட்ரலுக்குப் பதிலாக இணைத்து விளக்கெரிப்பதைச் சிலர் சாமர்த்தியமாகக் கருதுகின்றனர். அக்கம்பி எங்கேனும் அறுந்தாலோ குழி காய்ந்தாலோ, அதனோடு சேர்ந்த கிரைண்டர், ஹீட்டர் முதலிய எல்லாவற்றின் உடம்பிலும் மின்சாரம் ஏறிவிடும். காப்பாற்ற வைத்த கம்பியே கொல்லும் கம்பியாகிறது.

குழி ஒன்றை மட்டும் நம்பாமல், மெயின் ஸ்விச்சை அடுத்து ஆர்.சி.சி.பி. என்னும் கருவியையும் வைத்துக்கொள்வதே இன்றைய அறிவுக்குப் பொருத்தம். முப்பது மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு, வழிதவறி பூமிக்குக் கசிந்தாலும் இது கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எர்த்தில் விளக்கெரிக்கும் வீட்டில் இக்கருவி நிற்காது. அதனாலேயே அதைக் கழற்றி எறிந்தோரும் உண்டு. ஒரு கையில் பேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்தவரை இது காப்பாற்றாதென்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் விழாத கருவியை உடனே மாற்றவேண்டும்.

வீட்டுக்கு வெளியே துணி உலர்த்த இரும்புக் கம்பி கட்டுவதும், மின்கம்பத்திலோ அதன் ஸ்டே கம்பியிலோ மாட்டைக் கட்டுவதும் அடியோடு விடத்தக்கன. கொடிக்கு நைலான் கயிறு போதும்.

கிராம உத்தியோகஸ்தர்களின் கடமையும் இதில் உண்டு. பிறருக்குச் சொல்லுமுன் பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம் ஆகியவற்றின் எர்த் குழி எங்கே இருக்கிறதென்று அவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது நலம். பல இடங்களில் அது புல் மூடியும், சில இடங்களில் சிமெண்டுத் தளத்துக்கு அடியிலும் கிடக்கக் காணலாம். தளத்தை உடைத்து வாய் திறந்து, மூடி போட்டு, நீர் ஊற்றும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வேலை மாசி மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.