நிருபர் வேலையை கல்லூரியில் படிக்க முடியுமா?

"பேப்பர்ல எழுதறதுக்கெல்லாம் படிப்பு இருக்காமே, சேர்க்கலாமா தம்பி?"

பஸ்சில் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கேட்டார். அவருடைய மகன் பிளஸ்-2 முடித்திருக்கிறான். நான் கல்லூரியில் படித்தவன் இல்லை. செய்தி எடுக்கத்தான் கல்லூரிக்குள் போயிருக்கிறேன். போன வருஷம் என்னிடம் கேட்டிருந்தால், "வேண்டாம் சார், காசு தண்டம்" என்று சொல்லியிருப்பேன்.

இந்தப் படிப்பு ஒன்றும் புதுசு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-லேயே பத்திரிகைப் படிப்பு வந்துவிட்டது. 1942-ல் மதுரையில் தினத்தந்தியை ஆரம்பித்த ஆதித்தனார் வேறு வழியில் போனார். நிருபர்களுக்காக அவரே கையேடு எழுதினார். பேசுகிற தமிழில் எழுதவேண்டும், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதவேண்டும் என்பது அவர் போட்ட பாதை. எங்களைப் போன்றவர்கள் அந்தப் பாதையில் வந்தவர்கள்.

கல்லூரியில் முதலில் சொல்லித் தருவது 6 கேள்வி. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி? முக்கியமான விஷயம் முதல் பாராவில் வரவேண்டும். இடம் பற்றாவிட்டால் கடைசிப் பாராவை வெட்டினாலும் செய்தி நிற்கும். இது எனக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. நான் எழுதிய 4 பாராவில் 3-ஐ சப்-எடிட்டர் வெட்டி எறிந்தார்!

தெருப் பெயர்

புரியாதது வேறு. ஒரு சிறுமி பாதிக்கப்பட்ட வழக்கு. பெயர் போடக்கூடாது என்று தெரியும், போடவில்லை. ஆனால் தெருவை எழுதினேன். அப்பாவின் தொழிலை எழுதினேன். அவள் படிக்கும் பள்ளியையும் எழுதினேன். அந்த ஏரியாக்காரர்களுக்கு இது போதாதா?

ஆபீசில் பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவி அதைப் படித்துவிட்டு, "அண்ணா, இதெல்லாம் போடக்கூடாது. போக்சோ சட்டம் 23-வது பிரிவு" என்றார். புத்தகத்தைப் பார்த்தேன். வீடு, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம், அடையாளம் காட்டும் எதுவுமே கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 1 வருஷம் வரை ஜெயில் அல்லது அபராதம். இரண்டும் சேர்ந்தும் விழலாம். எனக்கு வியர்த்துவிட்டது. ஜெயிலை நினைத்து அல்ல. அந்தப் பெண் மறுபடி எப்படிப் பள்ளிக்கூடம் போவாள்?

ஸ்டேஷன் வாசலில் நின்று மட்டும் இதைக் கற்க முடியாது. போலீஸ்காரரே சில நேரம் எல்லா விவரமும் சொல்லிவிடுவார். எதை எழுதாமல் விடுவது என்று அவர் சொல்லித் தருவதில்லை. எங்கள் ஆட்களுக்கு 302, 420 மனப்பாடம். 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு 103, மோசடிக்கு 318 ஆகிவிட்டது. மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி படிக்கவேண்டியதாகிவிட்டது.

அதே மாணவி எழுதிய தீ விபத்துச் செய்தி மூன்று வரியும் ஒரே வாக்கியம்! பாடமெல்லாம் ஆங்கிலத்தில். தலைக்குள் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழாக்குகிறார். டீக்கடைக்காரரிடம் நின்று ஒரு கேள்வி கேட்கக் கூச்சம். இரண்டு மாதம் என்னோடு சுற்றிய பிறகுதான் அது போனது.

பெரியவரிடம் சொன்னேன்: "சேருங்க சார். ஆனா சேர்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேளுங்க. சட்டம் தனிப் பாடமா இருக்கா? வாரத்துக்கு எத்தனை செய்தி தமிழ்ல எழுத வைக்கிறாங்க? கேமரா, ஸ்டூடியோ எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

"பீஸ் எவ்வளவுன்னுதான் கேட்டேன்" என்றார், இறங்கிக்கொண்டே.