தலைவர் நோயுற்றபோது

தென்னாபிரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி நெல்சன் மண்டேலா 2013ஆம் ஆண்டு யூன் மாதம் சுவாசப்பை நோயினாற் பீடிக்கப்பட்டுப் பிரிட்டோரியா வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். மக்கள் அதன் வாயிலில் மலர்களையும் வாழ்த்து மடல்களையும் குவித்துப் பிரார்த்தித்தனர். யூலை 18ஆம் திகதி, அவரது 95ஆவது பிறந்த தினத்தன்று, அவரது 67 ஆண்டுப் பொதுப்பணியின் நினைவாகப் பலர் 67 நிமிடங்களைப் பிறர் நலனுக்கு அளித்தனர்.

மக்கள் கலங்கினர், ஆட்சி கலங்கவில்லை. காரணம் யாது? 27 ஆண்டுகள் சிறையிருந்த அச்சட்டத்தரணி, 1994இல் ஏற்ற பதவியை ஒரே தவணையுடன் 1999இல் துறந்தார். நாட்டைத் தம் உயிரின்மீதன்று, 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்மீதே நிறுத்தினார். டிசம்பர் 5ஆம் திகதி அவர் மறைந்தார், அச்சட்டம் மறையவில்லை.

தலைவர் தளர்ந்ததும், “இனி யார்?” என்று திகைக்கும் சமூகம், அவர் வலிமையோடிருந்த காலத்திற் செய்யவேண்டியதைச் செய்யத் தவறிய சமூகமேயாகும். பனங்கொட்டையை ஊன்றியவரே பயனையும் நுகர்வதில்லை. வடலியைக் காப்பது பின்வந்தோர் கடன் என்பதை நம் உழவர் நன்கறிவர். முதிய தலைவரின் உடல்நிலையை நாள்தோறும் விசாரிப்பது அன்பு. அவர் தொடங்கிய பணியின் நிலையை விசாரிப்பதோ கடமை. அன்பிற் குறைவற்ற நாம் கடமையிலும் குறைவுறாதிருப்போமாக!